வாஷிங்டன் ஐயாவுக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள பி. டி. வாஷிங்டன் ஐயா,

வணக்கம். நீங்கள் 1999இல் காலமாகிவிட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சொல்ல வேண்டிய சேதி நிறைய சேர்ந்துவிட்டது. வேறு யாரிடம் சொன்னாலும் "அதான் தெரியுமே, டிவியில் பார்த்தோமே" என்பார்கள். அதில் எதையும் பார்க்காமல் போனவர் நீங்கள் ஒருவர்தான்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டில். சுற்றிலும் பால்மரத் தோட்டங்களாக, அதாவது ரப்பர் தோட்டங்களாக இருந்த ஊர், இப்போது கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை. மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். உங்கள் திருவல்லிக்கேணியை நான் பார்த்ததில்லை. உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் சுந்தர், அதாவது கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தரின் அப்பா, பத்திரிகையில் சொன்னதுதான்.

2017இல் வாஷிங்டன் சுந்தர் என்ற பெயர் முதன்முதலாக ஐபிஎல்லில் அடிபட்டபோது, எங்கள் ஊர் சாப்பாட்டுக் கடையில் பெரிய விவாதமே நடந்தது. கிறிஸ்துவப் பையனா, அப்பா அமெரிக்காவில் வேலை செய்தவரா, இல்லை அமெரிக்க ஜனாதிபதி மேல் யாருக்காவது அவ்வளவு பிரியமா என்று ஆளுக்கொரு கதை. அப்புறம்தான் அந்தப் பேட்டியைப் படித்தேன். தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் இருந்தார், மெரினா திடலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்க்க வருவார், தன் ஆட்டம் அவருக்குப் பிடித்துப்போனது, தான் ஏழை, சீருடை வாங்கித் தந்தார், பள்ளிக் கட்டணம் கட்டினார், புத்தகம் வாங்கித் தந்தார், தன் சைக்கிளில் உட்கார வைத்துத் திடலுக்குக் கூட்டிப்போனார் என்று சுந்தர் சொல்லியிருந்தார். ரஞ்சி அணிக்கான உத்தேசப் பட்டியலில் தன் பெயர் வந்தபோது உலகத்திலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் நீங்கள்தான் என்றும் இருந்தது. அதற்கு மேல் சுந்தரால் போக முடியவில்லை, தமிழ்நாட்டு அணிக்கு ஆட வாய்க்கவில்லை.

சேதி இங்கேதான் தொடங்குகிறது ஐயா. நீங்கள் போன கொஞ்ச காலத்தில், அதே 1999 அக்டோபர் 5ஆம் தேதி, சுந்தருக்கு மகன் பிறந்தான். பிரசவம் கஷ்டமாகிப் பிழைத்த பிள்ளை. வழக்கப்படி காதில் ஸ்ரீநிவாசன் என்று சாமி பெயரைச் சொன்னார்கள். ஆனால் அப்பா முடிவெடுத்துவிட்டார், பிள்ளைக்கு உங்கள் பெயர்தான் என்று. இரண்டாவது மகன் பிறந்திருந்தால் அவனுக்கு வாஷிங்டன் ஜூனியர் என்று வைத்திருப்பேன் என்றுகூட சொல்லியிருக்கிறார். அதைப் படித்தபோது நான் கடைக்கு வெளியே வந்து கொஞ்ச நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் தோட்டத்திலும் ஒருவர் இருந்தார். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வுபெற்றவர். கால்பந்தும் சடுகுடுவும் தவிர வேறு எதையும் யாரும் ஆடாத தோட்டத்தில், வெள்ளைக்கார மானேஜர் காலத்துக் கிரிக்கெட் மட்டை ஒன்றை எண்ணெய் தடவி வைத்திருந்தவர். நாங்கள் காய்ந்த பால்மர நூலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் அடித்துக்கொண்டிருப்போம். அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "உன் மணிக்கட்டு நல்லா திரும்புதுடா" என்றார். அம்மா விடியற்காலையில் மரம் சீவப் போனால் பகலில்தான் வருவார், அப்பா ஸ்டோரில் வேலை, ஆறு பிள்ளைகள். எனக்கு வெள்ளைக் காலணி வாங்கித் தந்தது டிரெஸ்ஸர் ஐயா. சனிக்கிழமை தவறாமல் தன் கப்சாய் மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் வைத்து 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவுக்குக் கூட்டிப்போய், ஆட்டம் முடியும் வரை ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்து, திரும்பி வரும் வழியில் ரொட்டி சானாய் வாங்கித் தந்ததும் அவர்தான். மூன்று வருஷம். அப்புறம் அப்பா படுத்துவிட்டார், நான் படிவம் ஐந்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு ஜொகூருக்கு வேலைக்குப் போனேன். டிரெஸ்ஸர் ஐயா இறந்த சேதி எனக்கு வந்து சேர்ந்தபோது காரியமே முடிந்திருந்தது. பிறகு எனக்கு மகன் பிறந்தான். எண்கணிதம் பார்த்துப் பெயர் வைத்தோம். டிரெஸ்ஸர் ஐயா பெயர் அன்று என் நினைவுக்கே வரவில்லை, ஐயா. சுந்தருக்கு வந்தது.

சரி, பிள்ளையின் கதைக்கு வருகிறேன். கூட ஆடுகிறவர்கள் அவனை வாஷி என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன், இல்லாவிட்டால் இரண்டு வாஷிங்டனும் குழம்பிவிடும். இடது கை மட்டையாளர், வலது கை ஆஃப் ஸ்பின்னர். நெடுநெடுவென்று உயரம். வீட்டில் உடன்பிறந்த சைலஜாவும் கிரிக்கெட் ஆடியவர்தான். அப்பாதான் குரு. அவனுக்கு ஒரு காதுதான் கேட்கும். நாலு வயதில் தெரிந்திருக்கிறது, எத்தனையோ ஆஸ்பத்திரிக்கு அலைந்தும் சரிசெய்ய முடியாது என்றுவிட்டார்கள். ஃபீல்டிங்கில் நிற்கும்போது கூடவே ஓடிவருகிறவன் "என்னுது" என்று கத்துவது கேட்க வேண்டும், கேப்டன் தூரத்திலிருந்து இடம் மாறச் சொல்வது கேட்க வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் கூச்சலிடும் மைதானத்தில் ஒரு காதை வைத்துக்கொண்டு இதையெல்லாம் சமாளிக்கிறான். இதை நான் பெரிதாகச் சொல்கிறேனே தவிர அவன் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை.

2016இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கு வங்காளதேசம் போனான். அடுத்த வருஷம் அஸ்வினுக்குக் காயம், அவர் இடத்துக்குப் புனே ஐபிஎல் அணி 17 வயதுப் பையனான இவனை எடுத்தது. அந்த வருஷமே தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் தொடர் நாயகன், டிசம்பரில் இந்திய அணி. புதுப் பந்தை வைத்து பவர் பிளேயில் சுழல் போடுவது அவனுடைய வேலை. இரண்டே ஃபீல்டர்கள் உள்வட்டத்துக்கு வெளியே நிற்கும் நேரம் அது, பந்து வீசுகிறவன் தலையில் கல்லைத் தூக்கிப் போடுகிற மாதிரி. இவன் பெரிய சுழலெல்லாம் காட்ட மாட்டான், மட்டையாளன் கையை நீட்ட இடம் கொடுக்காமல் உடம்பை ஒட்டிப் போட்டுக்கொண்டே இருப்பான். 2018இல் இலங்கையில் நடந்த நிதஹாஸ் கோப்பையில் அப்படி 8 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகன் ஆனான்.

ஆனால் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது பிரிஸ்பேன் கதை. நீங்கள் இருந்திருந்தால் தெரு முழுக்க இனிப்பு கொடுத்திருப்பீர்கள்.

2021 ஜனவரி. ஆஸ்திரேலியாவில் ஒருநாள் ஆட்டங்களும் டி20 ஆட்டங்களும் முடிந்ததும் ஊருக்குப் போக வேண்டியவனை, வலைப்பயிற்சியில் பந்து போட ஆள் வேண்டும் என்று நிறுத்திவைத்தார்கள். ஜடேஜாவுக்குக் காயம், அஸ்வினுக்குக் காயம், பும்ராவுக்கும் காயம். நான்காவது டெஸ்ட் காபாவில், தொடர் 1-1. ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் 1988க்குப் பிறகு தோற்றதே இல்லை. 2017க்குப் பிறகு ஒரு முதல்தர ஆட்டம்கூட ஆடாத வாஷியை இறக்கினார்கள். அதே நாள் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கும் அதுதான் முதல் டெஸ்ட். எங்களுக்கும் பிரிஸ்பேனுக்கும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம், காலைப் பசியாறும் நேரத்தில் ஆட்டம் தொடங்கிவிடும். கோவிட் காலம், கடையில் கூட முடியாது, ஆளுக்கொரு வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் கத்திக்கொண்டிருந்தோம். வாஷியின் முதல் டெஸ்ட் விக்கெட் யார் தெரியுமா ஐயா? ஸ்டீவ் ஸ்மித். தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்கு 3 விக்கெட் எடுத்தார்கள். அப்புறம் இந்தியா 186க்கு 6 விக்கெட் போய் நின்றபோது, வாஷியும் ஷர்துல் தாக்கூரும் சேர்ந்து 123 ரன் எடுத்தார்கள். இவன் 62. நேதன் லயனை ஒரு சிக்ஸர் அடித்துவிட்டுப் பந்து எங்கே போகிறது என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசி நாள் 328 துரத்தும்போதும் ரிஷப் பந்த் பக்கத்தில் நின்று 22, அதில் கம்மின்ஸை ஒரு சிக்ஸர். 3 விக்கெட்டில் இந்தியா ஜெயித்தது. சதம் அடிக்காமல் விட்டுவிட்டானே என்று சுந்தர் வருத்தப்பட்டதாகப் பத்திரிகையில் வந்தது. சுந்தரை உங்களுக்குத் தெரியுமே.

அந்தச் சதம் வர நாலு வருஷத்துக்கு மேல் ஆனது. சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 85. அகமதாபாத்தில் 96, அதுவும் ஆட்டமிழக்காமல். அக்சர் ரன் அவுட் ஆக, ஸ்டோக்ஸ் போட்ட ஒரே ஓவரில் கடைசி இரண்டு பேரும் அவுட். இவன் எதிர்முனையில் நாலு ரன் மிச்சம் வைத்து நின்றான். பிறகு விரல் முறிவு, கோவிட், தோள்பட்டை என்று ஒன்று மாற்றி ஒன்று. 2021 மார்ச்சிலிருந்து 2024 அக்டோபர் வரை ஒரு டெஸ்ட்கூட இல்லை. இந்த மூன்றரை வருஷம்தான் எனக்கு உங்களை அதிகம் நினைக்க வைத்தது. ஜெயித்தவனைத் தோளில் தூக்க ஊரே வரும், வெளியே உட்கார்ந்திருப்பவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொள்ள யாராவது ஒருவர்தான் வருவார். என் காலத்தில் எனக்கு அது டிரெஸ்ஸர் ஐயா. அவனுக்கு அப்பா இருந்தார், அந்த அப்பாவை வளர்த்துவிட்டது நீங்கள்.

ரஞ்சியில் டெல்லிக்கு எதிராக 152 அடித்த கையோடு, அணியிலேயே இல்லாதவனை நியூசிலாந்துக்கு எதிரான புனே டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். முதல் இன்னிங்ஸில் 59 ரன்னுக்கு 7 விக்கெட், அதில் ஐந்து பேர் கிளீன் போல்டு. மிச்சம் மூன்றும் அஸ்வின். பத்து விக்கெட்டையும் தமிழ்நாட்டு ஆஃப் ஸ்பின்னர்கள் இருவரே பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆட்டத்தில் இந்தியா தோற்றது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் இங்கிலாந்துக்கு எதிராக மான்செஸ்டர், 2025 ஜூலை. இரண்டாவது இன்னிங்ஸில் ரன் எடுக்கும் முன்பே இரண்டு விக்கெட் போய்விட்டது, டிரா செய்தாலே பெரிய விஷயம். ரிஷப் பந்த்துக்குக் காலில் அடி, அதனால் வாஷியை மேலே ஐந்தாவதாக அனுப்பினார்கள். கடைசி ஒரு மணி நேரம் தொடங்கியபோது ஸ்டோக்ஸ் கை கொடுக்க வந்தார், டிரா என்று முடித்துக்கொள்ளலாம் என்று. ஜடேஜா 89, வாஷி 80. இவர்கள் சம்மதிக்கவில்லை. மணிக்கணக்கில் நின்று பிடித்த ஆட்டம், அதற்கான கூலியை வாங்காமல் ஏன் போக வேண்டும்? எங்களுக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது, காலையில் வேலை, ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. வாஷி 206 பந்தில் 101, ஆட்டமிழக்காமல். இருவருமாகச் சேர்த்தது 203. அடுத்த ஓவல் டெஸ்ட்டில் கடைசி விக்கெட்டுக்கு நின்று விளாசிய 53இல் நாலு சிக்ஸர், இந்தியா அந்த ஆட்டத்தை ஜெயித்தது 6 ரன்னில்தான்.

எங்கள் பக்கச் சேதி கொஞ்சம். மலேசியாவில் கிரிக்கெட் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1998 காமன்வெல்த் விளையாட்டில் சச்சின் இங்கே வந்து ஆடியிருக்கிறார். ரப்பர் ஆராய்ச்சி நிலையத்துத் திடலிலும் அந்தப் போட்டிகள் நடந்தன, பால்மரப் பிள்ளையான எனக்கு அதில் தனி சந்தோஷம். விராட் கோலி 2008இல் இளையோர் உலகக் கோப்பையைத் தூக்கியது பூச்சோங் பக்கத்துக் கின்ராராவில். 2023இல் எங்கள் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார், ஆண்கள் டி20 சர்வதேச ஆட்டத்தில் ஒருவர் 7 விக்கெட் எடுத்தது அதுதான் முதல் தடவை. ஆனால் நான் ஆடிய தோட்டத்துத் திடல் இப்போது இல்லை. தோட்டத்தை விற்றார்கள், தாமான் என்கிற குடியிருப்பு வந்தது, பதிலுக்குத் தருவதாகச் சொன்ன திடல் வரைபடத்தில்தான் இருக்கிறது. டிரெஸ்ஸர் ஐயா உட்காரும் மரம் இருந்த இடத்தில் இன்று மின்சாரப் பெட்டி நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கோபம் வருகிறது, எனக்கு அதை மறைக்கத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பையன், 13 வயது. அம்மா கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவனுக்கும் மணிக்கட்டு நன்றாகத் திரும்புகிறது. இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை காலை என் பழைய கான்சில் காரில் அவனை ஈப்போவுக்குக் கூட்டிப்போகிறேன், அதே சாலை, அதே 30 கிலோமீட்டர். போன வாரம் வழியில் உங்கள் கதையைச் சொன்னேன், வாஷிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று. அவன் மடியில் மட்டையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் வந்தான். இரண்டு பக்கமும் செம்பனைதான். ஈப்போ நெருங்கும்போது கேட்டான்: "மாமா, அந்தத் தாத்தா அவர் அப்பாவை சைக்கிளில் முன்னால் பாரில் உட்கார வைத்தாரா, பின்னால் கேரியரிலா? மட்டையை யார் பிடித்துக்கொண்டது?"

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒருவன்