மில் மூடிய வருடம்

என் அன்பு மகனுக்கு,

அம்மா ஆசியுடன் எழுதுவது. நான் நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். ஆகையால் சத்துணவுப் பதிவேடு எழுதிப் பழகிய கையால் இதை எழுதுகிறேன். பொறுமையாகப் படி. வேளாவேளைக்குச் சாப்பிடு.

குடிசை மாற்று போர்டு இடித்துக் கட்டிய பிளாக்கில், குலுக்கலில் நமக்கு ஆறாவது மாடி விழுந்தது உனக்குத் தெரியும். பால் காய்ச்சிய அன்று நீ வரவில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. வீடு நன்றாகவே இருக்கிறது. தனிப் படுக்கையறை உண்டு, உள்ளேயே கழிப்பறை உண்டு, திறந்தால் தண்ணீர் வரும் குழாய் உண்டு. பழைய வீட்டை இடிக்கும் முன் தந்த 24,000 ரூபாய் கருணைத்தொகையை வைத்துக்கொண்டு வாடகைக்கு வீடு தேடி அலைந்த நாட்களில், "புளியந்தோப்பு போர்டு ஆளுங்களா?" என்று கேட்ட மறுநொடியே கதவைச் சாத்தியவர்கள் எத்தனையோ பேர். இப்போது சாத்திக்கொள்ள நமக்கும் ஒரு நல்ல கதவு இருக்கிறது. ஆனால் எல்லோருமே அதைச் சாத்திக்கொள்கிறார்கள். எதிர்வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்பதுகூட எனக்குத் தெரிவதில்லை. பம்படி ஆயாவுக்கு வேறொரு பிளாக்கில் வீடு கிடைத்தது. கேரம் மேஸ்திரி குடும்பம் போன இடத்திலேயே தங்கிவிட்டது. கால்வாய்க் கரையில் இருந்தவர்கள் பெரும்பாக்கத்தில் இருக்கிறார்கள்.

நம் தெரு என்று நாம் சொன்னது இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே கிடந்த சந்துதான். அது சொர்க்கமாக இருந்ததென்று எழுத மாட்டேன். அடிபம்புக்கு முன்னால் குடத்துக்குப் பதிலாகச் செங்கல் வைத்து இடம் பிடித்து, அந்தச் செங்கல்லாலேயே மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நம் ஆட்கள். சம்பளநாள் இரவில் குடித்துவிட்டு வந்து அடிப்பவர்கள் இருந்தார்கள், மீட்டர் வட்டிக்காரன் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருப்பான், மழை வந்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிவிட்டால் நாம் தனித்தீவாகிவிடுவோம். 1918-இல் திரு.வி.க.வும் வாடியாவும் பின்னி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதை உன் தாத்தா நேரில் பார்த்தது போலச் சொல்வார். அவர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. 1921 மில் வேலைநிறுத்தத்தின்போது இதே புளியந்தோப்பில் சாதிச் சண்டை மூண்டு குடிசைகள் எரிந்ததை மட்டும் அவர் சொல்லவே மாட்டார். அதைப் பம்படி ஆயாதான் எனக்குச் சொன்னார்.

நான் எழுத வந்தது வேறு. 1996-இல் பின்னி மில் மூடியபோது உனக்குப் பத்து வயது. என்ன நடந்தது என்று உனக்குச் சரியாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. சங்கு ஊதிய நேரத்துக்கு எழுந்து, சங்கு ஊதிய நேரத்துக்குச் சோறு தின்று பழகிய தெருவில் திடீரென்று மணி என்னவென்றே தெரியாமல் போயிற்று. ஆண்கள் சந்து முனையில் நின்றார்கள். உன் நைனா நிற்கவில்லை. பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு கோடவுனில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லி, வழக்கம் போலக் கேரியரை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பினார்.

மில்லுக்குப் போன காலத்தில் ஒருநாள்கூட அவர் அந்தக் கேரியரைக் கழுவிக் கொண்டுவந்தவர் அல்லர். அடித்தட்டில் பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கும், மூடியின் விளிம்பில் பஞ்சு படிந்திருக்கும், நான் திட்டிக்கொண்டே ஊறவைப்பேன். கோடவுன் வேலைக்குப் போன முதல் வாரத்திலிருந்து கேரியர் பளிச்சென்று கழுவித் துடைத்து வந்தது. வேலை செய்கிற மனிதனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? எனக்குப் புரிந்துவிட்டது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய்யைத் தேடும் சிரமத்தைத்தான் அவருக்குக் கொடுத்திருப்பேன்.

நான் சொல்லாமலே தெருவுக்கும் தெரிந்திருந்தது. அந்த மாதம் ஏலச்சீட்டில் ஒருவர்கூடத் தள்ளிக் கேட்கவில்லை. பள்ளிச் செலவுக்குப் பணம் வேண்டுமென்று எப்போதும் அடித்துப் பிடித்துக் கேட்கும் இஸ்திரிக்கார அக்காகூட வாயைத் திறக்காமல் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்; சீட்டு முழுசாக என் கைக்கு வந்தது. மளிகைக்கடை அண்ணாச்சி நோட்டில் எழுதினார், காட்டவில்லை. மீன்பாடி வண்டிக்காரர் மட்டும் ஒருநாள் சாயங்காலம் நைனா காதில் விழும்படி, ஆனால் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "மார்க்கெட்டு கொத்தவால் சாவடியிலேருந்து கோயம்பேட்டுக்குப் போய்ட்டுது, ராத்திரியில மூட்டை எண்ண நம்பிக்கையான ஆள் கேக்குறாங்க, யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். மூட்டை எண்ணத் தெரியாதவர் அந்தச் சந்தில் யார்? ஆனால் யாரும் நான் போகிறேன் என்று சொல்லவில்லை, நைனா சொல்லும்வரை. பெரியமேட்டில் மை லேடீஸ் பூங்காவில் நைனா பகலெல்லாம் உட்கார்ந்திருந்ததை அந்த வண்டிக்காரர் பார்த்திருந்தார் என்பது, நைனா காலமான பிறகுதான், அவருடைய வீட்டம்மாள் வழியாக எனக்குத் தெரியவந்தது.

அப்புறம் அந்த மூடிய மில்லில் சினிமா எடுத்தார்கள். டிவியில் சண்டைக்காட்சி வந்தால், நைனா கதாநாயகனைப் பார்க்காமல், "அந்தத் தூணுக்குப் பின்னாடிதான் என் தறி" என்று உனக்குக் காட்டுவாரே, நினைவிருக்கிறதா? இப்போது அங்கே நம் வீட்டைவிட உயரமான கட்டடங்கள் நிற்கின்றன. ஜன்னலில் நின்றால் தெரிகின்றன.

நம் பிளாக்கில் முதன்முதலாக இன்ஜினியரிங் முடித்தவன் நீ. பேனர் கட்டினார்கள், அதில் உன் இனிஷியலைத் தப்பாகப் போட்டதற்கு மூன்று நாள் சண்டை நடந்தது. அந்தப் பெருமையில் எனக்கு இன்றும் குறைவில்லை. ஆனால் நீ இருக்கிற அந்த உயரமான அபார்ட்மெண்டில் உன் கேரியரைப் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. எல்லாம் நல்லபடி இருக்கையில் அக்கம்பக்கத்தார் தேவையில்லை என்று தோன்றும். நீயும் அப்படித்தான் சொன்னாய், "இங்க யாரும் யாரையும் கேக்க மாட்டாங்கம்மா, நிம்மதி" என்று.

கடன் மட்டும் வாங்காதே. போனில் ஐந்து நிமிடத்தில் பணம் தருகிறோம் என்று வருவதைத் தொடவே தொடாதே. அவர்கள் மாடிப்படியில் உட்காராத மீட்டர் வட்டிக்காரர்கள், அவ்வளவுதான். மருமகளின் நகையைச் சேட்டு கடையில் வைத்தாலாவது திருப்பிக்கொள்ளலாம். வைக்கச் சொல்லவில்லை, கடன் வாங்காதே என்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. மருமகளிடம் எதையும் மறைக்காதே. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் போன் செய்தபோது குக்கர் சத்தமும் பாப்பாவின் டிவி சத்தமும் கேட்டன. வீட்டிலிருந்தே வேலை என்று சொன்னாய். இப்போதெல்லாம் அப்படித்தான் என்கிறார்கள், சரி.

அடுத்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். எனக்குச் சத்துணவு ஓய்வூதியம் வருகிறது, ரேஷன் அரிசி இருக்கிறது, நீ இதுவரை அனுப்பியதில் பாதிக்குமேல் பாங்கில் அப்படியே கிடக்கிறது. பாஸ்புக்கை இத்துடன் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டில் உன் பெயரை நான் இன்னும் நீக்கவில்லை. வீட்டிலிருந்தே செய்யும் வேலை என்றால் எந்த வீட்டிலிருந்தும் செய்யலாம் என்று எதிர்வீட்டுப் பையன் சொன்னான். அவனிடம் சொல்லி உள்ளறையில் வைஃபை போட்டுவிட்டேன். அவன் கேட்ட கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. எவ்வளவு வேகம் வேண்டும் என்பதை நீயே அவனுக்குப் போன் செய்து சொல்லிவிடு. நம்பர் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா