பெச்சாவைச் சந்தைக்கு விடுங்கள்: ஜார்ஜ்டவுன் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜார்ஜ்டவுன் நகர நிர்வாகத்தையும் பினாங்கின் சுற்றுலாவையும் கவனித்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு,

வணக்கம். நான் பிறந்தது கடைத்தெருவில். உங்கள் பலகையில் அது லெபோ பாசார். வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட். எங்கள் வீட்டில் இந்த இரண்டு பெயரையும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஊருக்கு வந்துவிடுவேன். போன மாதம் வந்தபோது நடந்த ஒரு சின்ன விஷயம் மனசில் கிடந்து உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

ஏழு வயதுப் பேத்தியைக் கூட்டி வந்திருந்தேன். பெச்சாவை, அதுதான் நம் மூன்று சக்கர மிதி ரிக்‌ஷாவை, அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஜாலான் பினாங்கில் ஒரு ஹோட்டல் வாசலில் நாலைந்து பெச்சாக்கள் நின்றன. பிளாஸ்டிக் பூ, வண்ணக் குடை, ஒன்றில் பாட்டுப் பெட்டி வேறு. மூத்தவராகத் தெரிந்த ஒரு சீனப் பெரியவரிடம் போய், "அங்கிள், பாசாருக்குப் போகலாமா?" என்று கேட்டேன். பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையை நீட்டினார். சுவரோவியம், கோயில், மசூதி, படகுத்துறை என்று படம் படமாக இருந்தது. சந்தை மட்டும் இல்லை. மறுபடியும் பாசார் என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பாசாரா? மணி பதினொண்ணு ஆச்சே. இப்ப அங்கே பூனைதான் இருக்கும்," என்றார்.

கொஞ்சம் மிகைதான். சௌராஸ்தா மார்க்கெட்டின் முன்பக்க ஊறுகாய்க் கடைகள் பகல் முழுக்கத் திறந்திருக்கும். ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மீனும் கீரையும் வாங்கப் பதினொரு மணிக்கு யார் போவார்கள்? "அப்படியானால் ஏழு மணிக்கு வந்தால் நீங்கள் இருப்பீர்களா?" என்று கேட்டேன். சிரித்தார். "டூரிஸ்ட் எழுந்திருக்கவே ஒன்பது மணி. ஹோட்டல்ல பசியாறிட்டு வெளியே வர பத்தாகும். ஏழு மணிக்கு நான் யாரை ஏத்துறது?"

நான் சொல்ல வந்தது இந்த ஒரு பதிலில் அடங்கிவிடுகிறது. சந்தைக்குக் காலை ஏழு மணி, பெச்சாவுக்குப் பத்து மணி. இந்த மூன்று மணி நேர இடைவெளியை மூடித் தாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

முன்பு இந்த இடைவெளி கிடையாது. என் அப்பாயி வாரத்தில் மூன்று நாள் பெச்சாவில் சந்தைக்குப் போவார். வண்டி ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். ஹொக்கியன் சீனர். அப்பாயியோடு தமிழும் மலாயும் கலந்து பேசுவார்; அப்பாயி பதிலுக்கு 'பான்சான்', 'பான்சான்' என்று சந்தைக்கு அவர் பாஷைச் சொல்லைச் சொல்வார். காலை ஆறரைக்கு வாசலில் மணிச் சத்தம் கேட்கும். போகும்போது வண்டியில் இடம் தாராளமாக இருக்கும். திரும்பும்போதுதான் வேடிக்கை. அப்பாயியின் இரண்டு காலுக்கும் நடுவில் மூங்கில் கூடை. அதில் ஈரத் தாளில் சுற்றிய கெம்போங் மீன். பக்கத்தில் வாழையிலைக் கட்டு. என் மடியில் துருவிய தேங்காய்ப்பூப் பொட்டலம், இளஞ்சூடாக, பாவாடையை நனைத்துக்கொண்டு. சில நாள் காலைக் கட்டிய கோழி ஒன்றும் வரும். அது வழி நெடுக என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்ததும் கூடையை அடுப்படி வரை தூக்கி வந்து வைத்துவிட்டுத்தான் அவர் போவார்.

எங்களை இறக்கிவிட்ட கையோடு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் புறப்படுவார். இருக்கைக்கு எதிரே ஒரு பலகையைப் போட்டால் நாலைந்து பிள்ளைகள் உட்காரலாம். புத்தகப் பைகள் வெளியே தொங்கும். அந்தக் காலத்தில் ஜார்ஜ்டவுனில் பள்ளி வேன் என்றால் அதுதான். பெச்சா ஊர்ப் பெண்களின் வண்டி, பிள்ளைகளின் வண்டி. டூரிஸ்ட் ஏறினால் அன்று அவருக்குக் கூடுதல் வரும்படி, அவ்வளவுதான்.

இது எப்படி மாறியது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை நகருக்குள்ளிருந்த கடைவீடுகளில் குறைந்த வாடகைக்குக் குடும்பங்கள் இருந்தன. மேலே குடித்தனம், கீழே வியாபாரம். 1997-இல் சட்டத்தை நீக்க முடிவாயிற்று. 2000 பிறந்தபோது பாதுகாப்பு முழுதாகப் போய்விட்டது. வாடகை ஏறியது. ஜனங்கள் ஆயர் ஈத்தாம் பக்கமும் பாயான் பாரு பக்கமும் பாலம் தாண்டியும் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். எங்கள் குடும்பமும்தான். அங்கிருந்து யார் பெச்சா பிடித்து சௌராஸ்தாவுக்கு வருவார்கள்? காரில் வந்தார்கள், மோட்டார் சைக்கிளில் வந்தார்கள், அப்புறம் வராமலே இருந்துவிட்டார்கள். 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் எடுத்துக்கொண்டதும் வேறு கூட்டம் வந்தது. பெச்சாக்காரர் அந்தக் கூட்டத்தின் பக்கம் போனார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயிறு இருக்கிறதே.

வருகிறவர்களையும் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பார்க்காமல் போவதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமை.

பினாங்குப் பெச்சாவில் ஒரு விசேஷம். மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கை வண்டிக்குப் பக்கவாட்டில் இருக்கும். இங்கே பயணி முன்னால், மிதிப்பவர் பின்னால். முதுகுக்குப் பின்னாலிருக்கும் கம்பியை அவர் திருப்பினால் நாம் உட்கார்ந்திருக்கும் பெட்டியே திரும்பும். எதிரே ஒன்றும் மறைக்காது. (லாரி வந்தால் முதலில் இடிபடுவதும் நாம்தான் என்று அப்பா சொல்வார்.) கண் அங்காடிக்காரியின் கூடை உயரத்தில் இருக்கும். வேகமும் நடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நின்று பேசலாம். சந்தை பார்ப்பதற்கென்றே செய்து வைத்தது போன்ற வண்டி. அதில் உட்காரவைத்து உச்சி வெயிலில் சுவரைக் காட்டிக் கூட்டிப் போகிறோம்.

காலை ஏழு மணிக்கு அதே வண்டி என்னவெல்லாம் காட்டும் தெரியுமா? கடைத்தெருவிலேயே தொடங்கலாம். பூக்கட்டுகிறவர்கள் அப்போதுதான் மல்லிகையைக் கொட்டி உட்கார்ந்திருப்பார்கள். மளிகைக் கடைக்காரர் மிளகாய், மல்லி மூட்டைகளின் வாயை மடித்துவிடுவார். 1833-ஆம் ஆண்டுக் கோயிலான மகாமாரியம்மன் சந்நிதி மணி கேட்கும். லெபோ சூலியா வழியாகப் போனால், சூலியா என்று அழைக்கப்பட்ட, கடல் தாண்டி வந்த நம் மரைக்காயர்களும் ராவுத்தர்களும் பெயர் கொடுத்த தெருவில் போகிறோம் என்று பிள்ளைக்குச் சொல்லலாம். நாகூர் ஆண்டவரின் பெயரில் இருக்கும் தர்காவையும் காட்டலாம். நாசி கண்டார் என்ற பெயரில் இருக்கும் கண்டார், தோளில் சுமக்கும் காவடித் தண்டுதான். ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தெருத்தெருவாகத் தூக்கி விற்ற சாப்பாடு அது. இன்றைக்கு அதற்கு வரிசையில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அப்புறம் லெபோ கேம்பெல் மார்க்கெட். 1900-இல் கட்டியது, முகப்பு அழகுக்காக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, நான் அந்த ரகமில்லை. அடுத்து குவாலா கங்சார் சாலையின் காலைச் சந்தை. பெச்சா உள்ளே நுழையாது, தெரு முனையிலேயே இறங்க வேண்டும். இருக்கட்டும், அந்தக் காலத்திலும் அப்படித்தான். உள்ளே நடந்தால் முதலில் மூக்கில் ஏறுவது புங்கா காந்தான்: இளஞ்சிவப்பு மொட்டு, இஞ்சிக் குடும்பம். அதை மெல்லிசாக நறுக்கிப் போடாவிட்டால் புளிப்பு மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட பினாங்கு அசாம் லக்சா லக்சாவே இல்லை. பக்கத்தில் கெசும் இலை, பெல்லாச்சான் என்ற இறால் விழுதுக் கட்டி, நாலு தரத்தில் நெத்திலி.

கடைசியில் சௌராஸ்தா. பெயர் இந்துஸ்தானி, நாலு வழி கூடுமிடம் என்று பொருள். 1890-இல் வந்த சந்தை. அதை ஒட்டிய தெருவின் பெயர் லெபோ தமிழ். இதற்கு மேல் என்ன சொல்ல? கீழே மீனும் காய்கறியும், மாடியில் பழைய புத்தகக் கடைகள், முன்னால் ஜாதிக்காய். நம்மூர்ச் சமையலில் ஜாதிக்காயின் கொட்டையும் ஜாதிபத்திரியும்தான் தெரியும். பழச் சதை போகிற இடம் தெரியாது. இங்கே அந்தச் சதையைச் சீவிச் சர்க்கரையில் ஊறப்போடுகிறார்கள். ஒன்று ஈரமாக, ஒன்று காய்ந்ததாக. பேத்தி ஈரத்தைத் துப்பிவிட்டுக் காய்ந்ததை முழுப் பொட்டலமும் தின்றாள்.

ஆமாம், மறுநாள் காலை நாங்கள் போனோம். நடந்து. பெச்சா கிடைக்கவில்லை.

திரும்பும்போது ஜாலான் பினாங்கில் அந்தப் பெரிய சுவரைப் பார்த்தோம். 2012-இல் ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிக் வரைந்த பெச்சாக்காரர், ஆளுக்காகக் காத்திருக்கும் கோலத்தில். அதன் எதிரே நின்று ஜனங்கள் படம் எடுக்கிறார்கள். எனக்கும் பிடித்த ஓவியம்தான். ஆனால் அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பாயி கூடையோடு வெளியே வருவதற்காக.

உங்களுக்கு ஒரு நன்றியும் சொல்ல வேண்டும். ஜகார்த்தாவில் பெச்சாக்களைத் தடைசெய்து, 1980களில் பிடித்தவற்றை ஆயிரக்கணக்கில் கொண்டுபோய்க் கடலில் தள்ளினார்கள். நீங்கள் அந்த வழிக்குப் போகவில்லை. மலாக்கா போல, பொம்மையும் ஒலிபெருக்கியுமாகத் திருவிழா வண்டி ஆக்கவும் இல்லை, இதுவரைக்கும். பிளாஸ்டிக் பூ இருந்துவிட்டுப் போகட்டும். பூவுக்கு அடியில் கூடை வைக்க இடம் இருந்தால் சரி.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. சௌராஸ்தா பக்கத்திலும் லெபோ கேம்பெல் மார்க்கெட் அருகிலும் காலை ஏழிலிருந்து பத்து வரை பெச்சாவுக்கென்று இரண்டு மூன்று வண்டி நிற்கும் அளவு இடம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் அங்கே மோட்டார் நிறுத்த விடாதீர்கள். இதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கடைவீடுகளின் முன்னால் ஆள் நடக்கிற ஐந்தடிப் பாதையிலேயே மோட்டார் ஏறி நிற்கிற ஊர் இது.

அடுத்தது, ஆரம்ப நாட்களில் காலையில் வரும் பெச்சாக்காரருக்கு ஆள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரு தொகை உறுதியாகத் தாருங்கள். ஆறு மாதம் கொடுத்துப் பாருங்கள். வாடிக்கை பிடிக்கிற வரைக்கும்தான். எழுபதைத் தொடும் மனிதர், வெறும் நம்பிக்கையை வைத்துக்கொண்டு அதிகாலையில் எழுந்து வரமாட்டார். முழங்காலுக்கு உதவியாகச் சின்ன மின்மோட்டார் பொருத்தலாமா என்று கேட்டால், தாராளமாகப் பொருத்துங்கள் என்பேன். பாரம்பரியம் கெட்டுவிடும் என்று சொல்கிறவர்கள் ஒருநாள் வந்து மிதித்துப் பார்க்கட்டும்.

ஹோட்டல்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். விருந்தாளி காலையில் சந்தைக்குப் போக ஆசைப்பட்டால் முதல் நாள் இரவே பெச்சாவுக்குச் சொல்லி வைக்கலாம். பசியாறலைச் சந்தையிலேயே வைத்துக்கொள்ளலாம். லோரோங் கூலிட்டின் பழைய சாமான் சந்தையும் காலையில் கூடிப் பகலில் கலைவதுதான்; கொஞ்சம் தூரம், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல பாதை. சந்தைக்குச் சாமான் வாங்க வரும் உள்ளூர் வயதானவர்களுக்குப் பாதிக் கட்டணம் வையுங்கள். அவர்கள் ஏறினால்தான் அது சந்தை வண்டி. வெறும் டூரிஸ்ட் மட்டும் ஏறினால் அங்கிளின் அட்டையில் இன்னொரு படம் கூடும், வேறொன்றும் நடக்காது.

கடைசியாகக் கட்டணப் பலகை. மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் வையுங்கள். தெருப் பெயர்ப் பலகைகளில் தமிழைச் சேர்த்தவர்கள் நீங்கள், இது உங்களுக்குப் புதிதல்ல. அச்சுக்குப் போகும் முன் எழுத்தை யாரிடமாவது காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
கடைத்தெருவில் பிறந்து கிள்ளானில் இருக்கும் ஒரு பாட்டி