மாங்கர்த் மலைக்குக் கீழே ஓர் ஊர் இருக்கிறது: பயண வீடியோ போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்லோவேனியாவைச் சுற்றிக்காட்டித் தமிழில் வீடியோ போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் வீடியோக்களை விடாமல் பார்க்கிற ஆள் நான். எங்கே வண்டி நிறுத்தலாம், எந்த மாதத்தில் மலைச்சாலையைத் திறப்பார்கள், எங்கே சைவச் சாப்பாடு கிடைக்கும் என்பதெல்லாம் உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன், அதற்கு நன்றி. இப்போது கொஞ்சம் சண்டை போட வந்திருக்கிறேன்.

நீங்கள் போகிற வழி எல்லாருக்கும் ஒன்றுதான். பிளெட் ஏரி, நடுவில் தீவு, கரையில் கிரீம் கேக். அப்புறம் சோச்சா ஆற்றின் அந்த நம்பமுடியாத பச்சைத் தண்ணீர். அப்புறம் பொவெட்ஸ், அங்கிருந்து நேராக மாங்கர்த் மலைச்சாலை, ஸ்லோவேனியாவிலேயே உயரமான சாலை, 2,000 மீட்டரைத் தாண்டிப் போகிறது, மேலே நின்று ட்ரோனைப் பறக்கவிட்டால் யாருக்கும் மூச்சு நின்றுவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சாலைக்கு ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் பள்ளத்தாக்கில் ஓர் ஊரைக் கடந்து போகிறீர்கள் இல்லையா, அங்கே காரின் வேகத்தைக்கூடக் குறைக்காமல், "கதைப்புத்தக கிராமம் மாதிரி இருக்கு, இங்கே இருக்கிறவங்களுக்கு ஒரு கவலையும் இருக்காது" என்கிற மாதிரி ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விடுகிறீர்கள். ஒருவர் இல்லை, நான் பார்த்த வரையில் மூன்று நான்கு பேர். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

ஊரின் பெயர் லோக் பொட் மாங்கர்தோம். நீளமாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், சொல்லிப் பழகினால் வந்துவிடும். லோக் என்றால் ஆற்றோரத்துத் தோப்பும் புல்வெளியும் சேர்ந்த இடம், மீதி "மாங்கர்துக்குக் கீழே" என்று பொருள். கோரிட்னிட்சா என்கிற ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது. கீழ் லோக், மேல் லோக் என்று இரண்டு பகுதி, மொத்தமாக எண்ணினால் நூற்றுச் சொச்சம் பேர். எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு இதைவிடக் கூட்டம் வரும். ஆனால் இந்த நூற்றுச் சொச்சம் பேருடைய வீட்டு வாசலில் என்னென்ன வந்து நின்றிருக்கிறது என்று பார்த்தால் ஒரு கண்டத்தின் கதை அளவுக்குப் போகிறது.

காரணம் பிரேடெல் கணவாய். தெற்கே கடல் பக்கத்திலிருந்து வடக்கே ஆஸ்திரியப் பக்கம் போக வேண்டும் என்றால் இந்த வழியாக வரலாம், படைகளும் வந்தன. 1809 மே மாதம் நெப்போலியனின் படை வந்தபோது கணவாய்க் கோட்டையில் யோஹன் ஹெர்மன் என்கிற கேப்டன் ஒரு சிறு படையோடு நின்று சண்டை போட்டுச் செத்தார், அவருக்காக வைத்த சிங்கச் சிலை இன்றும் சாலையோரம் இருக்கிறது, அதை நீங்கள் படம் எடுத்திருக்கிறீர்கள், "ஏதோ சிங்கம்" என்று. சரி, அதை விடுங்கள், அது அரசர்கள் விவகாரம்.

எனக்கு இந்த ஊரில் முக்கியமாகத் தோன்றுவது ஒரு சுரங்கவழி. மலைக்கு அந்தப் பக்கம் ராபெல் என்று ஒரு இடம், இன்று இத்தாலியில் இருக்கிறது, அங்கே காலங்காலமாக ஈயமும் துத்தநாகமும் தோண்டினார்கள். லோக்கில் நிலம் குறைவு, செங்குத்துச் சரிவில் ஆடும் கொஞ்சம் புல்லும் தவிர வேறு வருமானம் இல்லை, அதனால் ஆண்கள் சுரங்க வேலைக்குப் போனார்கள். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியேற்றுவதற்காக, 1900-களின் தொடக்கத்தில், மலையைக் குடைந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வழி வெட்டினார்கள். அதன் வாய் திறந்த இடம் லோக். ஊர்க்காரர்கள் அதை ஷ்டோல்ன் என்கிறார்கள். தண்ணீருக்காக வெட்டிய வழியில் கொஞ்ச நாளில் மனிதர்களும் போக ஆரம்பித்தார்கள்.

முதல் உலகப் போரில், 1915-இல் இத்தாலி ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு எதிராக இறங்கியதும் சோச்சா பள்ளத்தாக்கு முழுவதும் போர்முனையானது. பிரேடெல் சாலை இத்தாலியப் பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஷ்டோல்னுக்குள் குண்டு விழாது அல்லவா? அதற்குள் ஓடிய சின்ன மின்சார ரயில் வீரர்களையும் தோட்டாக்களையும் உணவையும் மலைக்கு அடியில் ஏற்றிவந்து லோக்கில் இறக்கியது. அங்கிருந்து அவர்கள் ரோம்போன் மலைக்குப் போனார்கள், 2,208 மீட்டர், பனியில் பதுங்குகுழி வெட்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கிடந்தார்கள். திரும்பி வந்தவர்களில் பலர் பிணமாக வந்தார்கள். ஊர்க் கல்லறைக்குப் பக்கத்தில் ராணுவக் கல்லறை இருக்கிறது, வரிசை வரிசையாக இரும்புச் சிலுவைகள், நூற்றுக்கணக்கான பேர், ஒரு சாம்ராஜ்யத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்கள்.

இங்கே ஒரு விஷயம், இது உங்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன், யாருமே சொல்லவில்லை. அந்த வீரர்களில் ஒரு பகுதி போஸ்னியாவிலிருந்து வந்த முஸ்லிம்கள், ஃபெஸ் தொப்பி அணிந்த நான்காம் போஸ்னியப் படைப்பிரிவு. அவர்கள் தொழுவதற்காக இந்தக் கத்தோலிக்க மலையூரில் 1916-இல் ஒரு பள்ளிவாசல் எழுந்தது, சின்ன மினாரத்தோடு. ஸ்லோவேனிய மண்ணில் முதல் பள்ளிவாசல் அதுதான். போர் முடிந்த பிறகு அது மறைந்துபோனது, புகைப்படங்கள்தான் மிச்சம். தலைநகர் லூப்லியானாவில் இன்றைய பள்ளிவாசல் திறந்தது 2020-இல். அதாவது தலைநகரத்துக்கு வருவதற்கு நூறு ஆண்டுகள் முன்பே லோக்கில் பாங்கு ஒலித்திருக்கிறது. இதைவிட நல்ல வீடியோ தலைப்பு உங்களுக்கு எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்.

போருக்குப் பிறகு எல்லை மாறியது. 1920 ரப்பல்லோ ஒப்பந்தத்தில் ஸ்லோவேனியர்களில் ஏறத்தாழ கால்பங்குப் பேர் இத்தாலிக்குள் போய்விட்டார்கள், லோக்கும் அதில் ஒன்று. ஊருக்குப் பிரெட்டோ என்று பெயர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சொந்தமொழிக்கு இடமில்லை, பாசிஸ்டுகள் கவனித்துக்கொண்டார்கள். நீங்கள் புகழ்ந்து தள்ளும் மாங்கர்த் சாலைகூட அந்தக் காலத்து இத்தாலியர் ராணுவத்துக்காகப் போட்டதுதான், 1938-இல். காட்சி பார்ப்பதற்காக யாரும் அவ்வளவு உயரத்தில் பாறையைக் குடையவில்லை.

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் ஜெர்மானியர்கள் வந்தார்கள். லோக்கிலிருந்து கணவாய்க்கு ஏறும் வழியில் ஸ்ட்ர்மெட்ஸ் என்று ஒரு குட்டி ஊர். அந்த அக்டோபரில் அதைக் கொளுத்தி 16 ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவ்வளவு சின்ன ஊரில் பதினாறு பேர் என்றால் என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் கார் அந்த ஊரின் நடுவில்தான் போகிறது.

போர் முடிந்து கொஞ்ச காலம் பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ நிர்வாகம், 1947-இல் யூகோஸ்லாவியா. இப்போது வேடிக்கையைப் பாருங்கள்: புது எல்லைக்கோடு பிரேடெல் வழியாகப் போகிறது, சுரங்கம் இத்தாலியில், சுரங்கத் தொழிலாளியின் வீடு யூகோஸ்லாவியாவில், அந்த ஷ்டோல்னுக்கு நடுவில் எங்கோ ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு தொடங்குகிறது. ஐரோப்பாவை இரும்புத்திரை இரண்டாகப் பிரிக்கிறது என்று உலகமே பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் லோக்கின் ஆண்கள் அனுமதிச் சீட்டோடு மலைக்கு அடியில் எல்லையைக் கடந்து வேலைக்குப் போய் வந்தார்கள். ஆட்சி எத்தனை மாறினாலும் ஈயத்தைத் தோண்டுகிற கை மாறவில்லை. 1991-இல் சுரங்கத்தை மூடினார்கள். அதே ஆண்டு ஸ்லோவேனியா தனிநாடானது. ஊர்க்காரர்களுக்கு இரண்டில் எது பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இத்தனையும் மனிதர்கள் செய்தது. மலை செய்தது 2000-ஆம் ஆண்டு நவம்பரில்.

அந்த இலையுதிர்காலத்தில் மழை நிற்கவே இல்லை. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியதில் பாதிக்கும் மேல் ஐம்பது நாளுக்குள் கொட்டித் தீர்த்தது. மாங்கர்துக்குக் கீழே ஸ்டோஜே என்கிற சரிவு, பனிப்பாறைகள் காலத்தில் விட்டுப்போன தளர்ந்த மண்ணும் கல்லும் குவிந்த இடம், 15-ஆம் தேதி பிய்த்துக்கொண்டு இறங்கியது. இறங்கி, ஊருக்கு வராமல், மேலே ஓடைப் பள்ளத்திலேயே நின்றுவிட்டது. நின்ற மண்ணின் மேல் மழை தொடர்ந்து பெய்தது. ஒன்றரை நாள் ஊறிய பிறகு, 17-ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில், பத்து லட்சம் கன மீட்டர் அளவுக்கு மண்ணும் பாறையும் மரமும் கூழாகக் கரைந்து, ஓடை வழியே நாலு கிலோமீட்டர் பாய்ந்து மேல் லோக்கில் விழுந்தது. ஓடுவதற்கு நேரம் எங்கே இருந்திருக்கும். ஏழு பேர் செத்தார்கள். வீடுகள் இருந்த இடம் தெரியவில்லை.

நூற்றுச் சொச்சம் பேர் உள்ள ஊரில் ஏழு பேர். தெரியாதவர்கள் என்று ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அதன்பிறகு புது வீடுகள் கட்டினார்கள், சரிவைக் கண்காணிக்க ஏற்பாடு செய்தார்கள். நீங்கள் நடுவில் காரை நிறுத்தி, "என்னா வளைவு பாருங்க" என்று படம் எடுக்கும் பாலங்கள் அந்த இரவுக்குப் பிறகு கட்டியவை, பழையதை விட உயரத்தில். ஊருக்கு மேலே இருக்கும் வெறும் சாம்பல் நிறச் சரிவை ஒரு வீடியோவில் "இயற்கையின் ஓவியம்" என்று ஒரு தம்பி சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர்மேல் கோபமில்லை, தெரியாமல் சொன்னார், பின்னூட்டத்தில் எழுதலாம் என்று போய் அது நீண்டுகொண்டே போனதால்தான் மடலாக மாற்றினேன்.

அழகாகக் காட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. அழகுதான், நானும் வாய் பிளந்து நின்றவன்தான். நான் கேட்பது அரை மணிநேரம். ஊரில் நிறுத்துங்கள். ஷ்டோல்னின் வாயைப் போய்ப் பாருங்கள். அந்தப் பக்கத்துச் செம்மறியாட்டுப்பால் பாலாடைக்கட்டி, பொவ்ஷ்கி சிர் என்பார்கள், கிடைத்தால் வாங்குங்கள், எப்படியும் ஒரு சாப்பாட்டுக் காட்சி உங்களுக்கு வேண்டும், அது கேக்கை விட மேல். கல்லறைக்கு மேலே மட்டும் ட்ரோன் விடாதீர்கள், செத்தவர் வீட்டில் யாராவது பட்டம் விடுவார்களா?

கல்லறையில் இரண்டு வீரர்கள் நிற்கும் ஒரு சிலை இருக்கிறது. லடிஸ்லாவ் கோஃப்ரானெக் என்கிற செக் சிற்பி செய்தது. அதில் ஒருவர் தலையில் ஃபெஸ் தொப்பி. இருவரும் மேலே எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் முகத்தைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு, அவர்கள் பார்க்கிற பக்கமாகக் கேமராவைத் திருப்புங்கள். ரோம்போன் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் வீடியோக்களைக் கடைசி வரை பார்க்கும் ஒருவன்