மாட்டுக்காரருக்கும் ஒரு சொல் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

"மரத்தில இலை கொட்டி முடியேல்லை அண்ணை, அதுக்குள்ள ஸ்னோ கொட்டிட்டுது" என்று கனடாவிலிருக்கும் தங்கை போன கிழமை சொன்னாள். மழையும் சேர்ந்து பெய்ததாம். எங்களுக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். ஆனால் இம்முறை கார்த்திகை பிறந்த கையோடு வாடை தொடங்கிவிட்டது. விடியப்புறம் கூதல் பிடிக்கிறது. மாட்டுப் பட்டிப் பக்கம் போனால் எனக்கு 2022 டிசம்பர்தான் நினைவுக்கு வருகிறது.

மாண்டஸ் புயல் எங்கள் இலங்கைக் கரையைத் தொடவில்லை. 9ஆம் திகதி இரவு மாமல்லபுரம் பக்கம் கரை கடந்தது. ஆனால் வங்கக்கடலில் நின்றபடியே வடக்கிலிருந்த குளிர்காற்றை எங்கள் மேல் இழுத்துவிட்டது. காற்று மாசும் சேர்ந்ததால் அன்று பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருந்தோம். மாடுகள் வெளியே நின்றன.

வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் செத்தன. என் பட்டியில் ஒரு சினைப்பசுவும் இரண்டு கன்றுகளும். பசு கால் மடக்கிப் படுத்ததுதான். சாக்குப் போர்த்தி, பக்கத்தில் நெருப்பு மூட்டி, விடியும்வரை உடம்பைத் தேய்த்தோம். எழும்பவில்லை. நோயாக இருக்குமோ என்ற பயத்தில் இங்கிருந்து இறைச்சி கொண்டுபோவதைக்கூடச் சில நாள் நிறுத்தினார்கள். குளிர் தாங்காமல்தான் செத்தன என்று பிறகு தெரிந்தது.

இந்த ஊரில் என்ன குளிர் என்று கேட்கலாம். உரோமம் காய்ந்திருந்தால் மாடு இதைவிடக் குளிரையும் தாங்கும். நனைந்த உடம்பில் விடாமல் காற்று அடித்தால் சூடு நிற்காது. அதோடு பசி. காலபோகம் என்ற மாரிகால நெல் விதைத்தபின் வயலுக்குள் மாட்டை விட முடியாது, மாடு மேயும் தரவையெல்லாம் வெள்ளம். வருடத்தில் மாடு மெலிந்து நிற்கும் காலமே இதுதான். வயிறு நிறைய வைக்கோல் இருந்தால் அது செரிக்கும்போதே உடம்புக்குச் சூடு கிடைக்கும். நாங்களோ நெல் வெட்டும் மெஷின் வந்த பிறகு, மாசியில் அந்த வைக்கோலை வயலிலேயே போட்டு எரிக்கிறோம். இதில் பிழை எங்களுடையதுதான். கதிரடித்து வைக்கோலைப் போராகக் குவித்து வைத்தவர்களின் பிள்ளைகள் நாங்கள்.

புயல் வருகிறதென்றால் கடலுக்குப் போகவேண்டாம் என்று கடற்றொழிலாளருக்குச் சொல்கிறார்கள். நல்லது. அதே அறிவித்தலில் மாட்டை மேட்டுக்கு ஏற்றுங்கள், கன்றுகளைக் கொட்டிலுக்குள் கட்டுங்கள் என்று இரண்டு வரி சேர்த்தால் என்ன? தரவைகளுக்குப் பக்கத்தில் மேடான இடம் பார்த்துப் பொதுக் கொட்டில்கள் போடவேண்டும் என்றும் கேட்கிறேன். அதற்குக் காலம் எடுக்கும். பத்திரிகையில் இரண்டு வரி போட ஒரு நாள் போதும்.

என் கொட்டிலுக்கு வடக்குப் பக்கம் தறப்பாள் கட்டிவிட்டேன். பக்கத்துப் பட்டிக்காரர் இன்னும் கட்டவில்லை. அவர் தினமும் உங்கள் பத்திரிகை வாசிப்பவர்.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் வாசகர் ஒருவர்,
தென்மராட்சி.