ரீபூட்டுக்குப் பிறகு எழாத சர்வர்

அன்புள்ள குமரன்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பிறகு அம்மா தானாகவே செய்தித்தாள் படிக்கிறார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் அப்படியொரு சந்தோஷம். நான் விசாரித்ததாகச் சொல். இங்கும் எல்லோரும் நலம்.

சரி, நெட்வொர்க்கில் நுழைபவர்களின் பெயர், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் உன் ரேடியஸ் சர்வருக்கு வருகிறேன். அதை ஓட்டும் ஃப்ரீரேடியஸ் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். ரீபூட் ஆனதும் எழவில்லை, கொஞ்ச நேரம் கழித்துக் கையால் ஸ்டார்ட் கொடுத்தால் எழுந்துவிடுகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் கான்ஃபிக் (அமைப்பு ஃபைல்கள்) சரியாகத்தான் இருக்கிறது. பூட் ஆகும் நேரத்தில் அதற்கு வேண்டிய ஏதோ ஒன்று இன்னும் தயாராகவில்லை.

வழக்கமாக நான் முதலில் சொல்வது, சர்வீஸை நிறுத்திவிட்டு, டெர்மினலில் ஃப்ரீரேடியஸை மைனஸ் பெரிய எக்ஸ் (-X) போட்டு டீபக் முறையில் ஓட்டிப் பார் என்பதுதான். எந்த ஃபைலைப் படிக்கிறது, எந்த மாட்யூலை ஏற்றுகிறது என்று வரிவரியாகக் காட்டும். கடைசி வரியோடு நின்றுவிடாமல் அதற்கு மேலே நாலைந்து வரி படிக்க வேண்டும். லாகின் சரிபார்ப்புக்கான 'ஈஏபி' மாட்யூல் ஏறவில்லை என்று கடைசியில் இருந்தால், சான்றிதழ் ஃபைலைத் திறக்க அனுமதி இல்லை என்ற உண்மையான காரணம் மேலே கிடக்கும்.

ஆனால் உன் விஷயத்தில் இது உதவாது. நீ டெர்மினலில் உட்காருவதற்குள் எல்லாம் தயாராகிவிடும், சர்வரும் ஒழுங்காக எழுந்துவிடும். அதனால் பூட் ஆன நேரத்து ஜர்னலையும் (சிஸ்டத்தின் பதிவு) ரேடியஸ் லாகையும் எடுத்துப் பார்.

அதில் ரேடியஸின் 1812 போர்ட் எண்ணோடு 'கேனாட் அசைன் ரெக்வெஸ்டட் அட்ரஸ்' (கேட்ட முகவரியைத் தர முடியவில்லை) என்று இருந்தால் சிக்கல் நெட்வொர்க்கில். கான்ஃபிக்கில், எந்த முகவரியில் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் லிசன் பகுதியில் குறிப்பிட்ட ஐபி ஒன்றைக் கொடுத்திருப்பாய். அந்த ஐபி நெட்வொர்க் கார்டுக்கு வருவதற்கு முன்பே ரேடியஸ் கிளம்பிவிடுகிறது. ஐபிக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் தீரும், ஆனால் எல்லா இன்டர்ஃபேஸிலும் கதவைத் திறந்துவைப்பது எனக்குப் பிடிக்காது. ரேடியஸ் சர்வீஸுக்கு 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கொடுத்து, நெட்வொர்க் தயாரானதைக் குறிக்கும் நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டை ஆஃப்டர் (இதற்குப் பிறகு தொடங்கு), வான்ட்ஸ் (இதையும் தொடங்கு) இரண்டு வரியிலும் சேர். சர்வீஸோடு வந்த யூனிட் ஃபைலில் நேரடியாகக் கை வைக்காதே, அடுத்த அப்டேட்டில் போய்விடும்.

லாகில், டேட்டாபேஸோடு பேசும் எஸ்க்யூஎல் மாட்யூலில் நின்றிருந்தால் டேட்டாபேஸ் தாமதமாக எழுகிறது. அது அதே மெஷினில் இருந்தால் அந்தச் சர்வீஸையும் ஆஃப்டரில் சேர். வேறு மெஷின் என்றால் அந்த மாட்யூலின் கான்ஃபிக்கில், கனெக்‌ஷன்களுக்கான பூல் பகுதியில் ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கு. கனெக்‌ஷன் இல்லாமலேயே சர்வர் எழுந்துவிடும். டேட்டாபேஸ் வரும்வரை அதை நம்பியிருக்கும் லாகின்கள் மட்டும் தோற்கும்.

மாற்றியபின் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் போதாது, முழு ரீபூட் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படியும் எழவில்லையென்றால் லாகை அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். மைனஸ் எக்ஸ் போட்டு எடுத்த டீபக் வெளியீடாக இருந்தால் அதில் பயனர்களின் பாஸ்வேர்டு அப்படியே தெரியலாம், அவற்றை அழித்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
செல்வம்