பாதியில் மூடிய புத்தகம்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். லெஸ்லி ஃபைன்பெர்க்கின் ‘ஸ்டோன் புட்ச் ப்ளூஸ்’ நாவலைப் பாதிக்குச் சற்று முன்பே மூடி வைத்துவிட்டதாகவும், “இத்தனை அடியையும் ஒரே ஆள் மேல் இறக்க வேண்டுமா அக்கா” என்று தோன்றியதாகவும் எழுதியிருந்தீர்கள். நம் வாசிப்பு வட்டத்தில் ஒருவர் இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததா என்று கேட்டார். இன்னொருவர், கதையைச் சொல்லும் ஜெஸ் ஆணா பெண்ணா என்பதை ஆசிரியர் கடைசிவரை தெளிவாகச் சொல்லவில்லை என்று குறைப்பட்டார். புத்தகத்தை உங்கள் கையில் கொடுத்தவள் நான் என்பதால் இவற்றுக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

அடிகள் அதிகம் என்பதை மறுக்க மாட்டேன். ஜெஸ் கோல்ட்பெர்க் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பெண் என்று வளர்க்கப்படும் யூதத் தொழிலாளிக் குடும்பத்துப் பிள்ளை. அப்பாவின் கோட்டு சூட்டை அணிந்து கண்ணாடி முன் நின்றதைப் பார்த்துவிட்ட பெற்றோர், அந்தப் பிள்ளையை மனநல மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். பிறகு நளினம் கற்றுக்கொடுக்கும் வகுப்புக்கு அனுப்புகிறார்கள். பள்ளி மைதானத்தில் கால்பந்து அணிப் பையன்கள் கூட்டமாகச் சேர்ந்து செய்யும் கொடுமைக்குப் பிறகு ஜெஸ் பள்ளியையும் வீட்டையும் விட்டு வெளியேறுகிறார். அதன்பின் ஆலை வேலையும், மாலையில் தன்னைப் போல ஆண் தோரணையில் உடுத்தி, பெண்களை நேசித்து வாழ்பவர்கள் (‘புட்ச்’ என்பது இவர்களைக் குறிக்கும் சொல்) கூடும் மதுக்கூடமும், அங்கே திடீரென நுழையும் போலீசும், காவல் நிலையத்து இரவுகளும்தான் வாழ்க்கை. நீங்கள் நிறுத்திய இடம் இதற்குள்தான் எங்கோ இருக்க வேண்டும்.

மைதானத்து அத்தியாயத்தை நானும் முதல்முறை ஒரே மூச்சில் படிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் என்னுடன் படித்த ஒருத்தி தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, கைகளை வீசி நடப்பாள். ஆசிரியை அவளை எழுப்பி நிறுத்தி, “நீ எந்தப் பக்கம் உட்கார வேண்டியவள்?” என்று கேட்டபோது வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவள் வரவில்லை. நாவலில் ஜெஸ் சிறு பிள்ளையாகத் தெருவில் போகும்போதெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் ‘இது ஆணா பெண்ணா’ என்று பெற்றோரிடமே கேட்கிறார்கள். அந்த வரிகளைப் படித்தபோது எனக்கு அமெரிக்கத் தெரு தெரியவில்லை. எங்கள் வகுப்பறையின் பெஞ்சுதான் தெரிந்தது. அதனால்தான் இதை வெறும் துன்பக் கதை என்று சொல்லி விலகிப் போக என்னால் முடியவில்லை.

நீங்கள் அடியை எண்ணியிருக்கிறீர்கள். அடிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதையும் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாவல் ஒரு கடிதத்துடன் தொடங்குகிறது என்பது நினைவிருக்கும். தன்னை விட்டுப் பிரிந்துபோன காதலி தெரசாவுக்கு, அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்றே தெரியாத நிலையில் ஜெஸ் எழுதும் கடிதம் அது. காவல் நிலையத்திலிருந்து உடைந்து திரும்பிய நாட்களில் தெரசா குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, துவைத்த உள்ளாடையையும் பனியனையும் எடுத்து வைத்து, அவமானத்தின் முதல் படலத்தைத் தானே கழுவிக்கொள்ளட்டும் என்று ஜெஸ்ஸைத் தனியே விட்டுப் போவதை அந்தக் கடிதம் நினைவுகூர்கிறது. கேள்வி கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போகும் அந்த அன்பை எழுதுவதற்கு ஃபைன்பெர்க்குக்கு அந்த இரவுகளின் கொடுமையையும் எழுத வேண்டியிருந்தது. தலைப்பில் வரும் ‘ஸ்டோன்’ என்ற சொல்லுக்கும் இங்கேதான் பொருள் கிடைக்கிறது. கல்லாய்ச் சமைந்து போனாள் என்று நாம் சொல்வோமே, அதுபோல, பட்ட காயங்களால் பிரியமானவர் கைபட்டாலும் இறுகிப்போகும் உடல் ஜெஸ்ஸுடையது. அந்தக் கல்லை உடைக்க முயலாமல் அதன் பக்கத்தில் வாழத் தெரிந்தவள் தெரசா.

உண்மையில் நடந்ததா என்ற கேள்வியை நான் சற்று நிதானமாக அணுக விரும்புகிறேன். ஃபைன்பெர்க் 1949-இல் பிறந்தவர், பஃபலோவில் வளர்ந்தவர், ஆலைகளில் உழைத்தவர், கடைசிவரை கம்யூனிஸ்ட்டாக வாழ்ந்து 2014-இல் மறைந்தவர். இத்தனை பொருத்தம் இருப்பதால் 1993-இல் நாவல் வெளிவந்தது முதலே பலரும் இதைத் தன்வரலாறாக வாசித்தார்கள். ஆனால் ஆசிரியர் இதைப் புனைவு என்றே சொல்லிவந்தார். ஒடுக்கப்பட்டவர் ஒரு நாவல் எழுதினால் அதை வாக்குமூலமாக மட்டுமே எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அந்தப் பழக்கம் அவரிடமிருந்து கலைஞர் என்ற இடத்தைப் பறித்துக்கொள்கிறது. யாரை எங்கே பேசவைப்பது, எந்த இரவை ஒரே பத்தியில் முடிப்பது, எதைப் பக்கம் பக்கமாக நீட்டுவது என்று தீர்மானித்த கை ஒன்று இந்த நூலில் இருக்கிறது.

இன்னொரு வகையிலும் அந்தக் கேள்வி சிக்கலானது. உடலில் குறைந்தது மூன்று துணிகளாவது பெண்களுடையதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கைது செய்வார்கள் என்று நாவலின் மனிதர்கள் அஞ்சுகிறார்கள். அப்படி எழுதப்பட்ட தனிச் சட்டம் எதையும் வரலாற்றாய்வாளர்களால் காட்ட முடியவில்லை. நியூயார்க் மாநிலத்தில் இருந்தது 1845-ஆம் ஆண்டின் மாறுவேடச் சட்டம். குத்தகை கொடுக்க மறுத்து, முகத்தை மறைத்துக்கொண்டு போராடிய விவசாயிகளை அடக்குவதற்காகக் கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டத்தை, நூறு ஆண்டுகள் கழிந்தும், ஆண்களின் உடை அணிந்த பெண்கள் மீதும் பெண்களின் உடை அணிந்த ஆண்கள் மீதும் போலீசார் பாய்ச்சினார்கள். மூன்று துணி என்பது ஏட்டில் இல்லாவிட்டாலும், கதவு உடைக்கப்படும் ஓசை கேட்ட கணத்தில் தன் உடம்பில் எத்தனை துணி சரியானது என்று மனத்துக்குள் எண்ணிப் பார்த்தவர்களின் அச்சம் உண்மை.

ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த நாவலைப் பெண்களை நேசித்த பெண்களின் வரலாறாகச் சொந்தம் கொண்டாடியவர்களும் உண்டு. பாலினம் கடந்து வாழ்பவரின் கதையாகச் சொந்தம் கொண்டாடியவர்களும் உண்டு. இரண்டுக்கும் நூலில் இடம் இருக்கிறது. ஜெஸ் ஆண் ஹார்மோன் எடுத்துக்கொள்கிறார், மார்பு அறுவை செய்துகொள்கிறார், ஆணாகவே எல்லோராலும் ஏற்கப்படுகிறார். தெருவில் அடி குறைகிறது. ஆனால் தன் கடந்த காலத்தில் ஒரு வார்த்தையைக்கூட யாரிடமும் சொல்ல முடியாத தனிமை வந்து சேர்கிறது, ஊசியை நிறுத்திவிடுகிறார். இதைத் தோல்வி என்றோ திருத்தம் என்றோ நான் படிக்கவில்லை. வாழ்வதற்கு ஓர் இடம் தேடி, அது கிடைக்காதபோது மீண்டும் நடக்கத் தொடங்கியவராகத்தான் ஜெஸ் எனக்குத் தெரிகிறார்.

நம் மொழியில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கதை முழுவதும் ‘நான்’ என்றே சொல்லப்படுகிறது. ‘நான் வந்தேன்’ என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அந்த ‘நானை’ப் பற்றி வேறொருவர் பேசத் தொடங்கிய உடனே ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று வினைச்சொல்லே முடிவு கட்டிவிடுகிறது. உங்கள் கடிதத்தில் ஜெஸ் மூன்று இடங்களில் ‘அவள்’, இரண்டு இடங்களில் ‘அவன்’. நான் ‘அவர்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நாம் யாரும் ‘அவர்’ கொடுப்பதில்லை என்பதால் அந்தச் சொல்லும் ஜெஸ்ஸைச் சற்றுத் தள்ளி உட்காரவைக்கிறது என்பதை உணர்ந்தே எழுதுகிறேன்.

இது இலக்கண நுணுக்கம் மட்டும் அல்ல என்பதற்கு டஃபியின் இடமே சாட்சி. நீங்கள் ஏற்கெனவே அவரைச் சந்தித்திருப்பீர்கள்: தொழிற்சங்கப் பிரதிநிதி, நேர்மையானவர், ஜெஸ்ஸையும் தோழர்களையும் சங்கத்துக்குள் கொண்டுவரப் பாடுபட்டவர். பல ஆண்டுகள் கழித்து, ஜெஸ் ஆணாக வேலை பார்க்கும் இடத்தில், டஃபி மற்றவர்கள் முன்னால் ஜெஸ்ஸைப் பாராட்டிப் பேசும்போது வாய் தவறி ‘அவள்’ என்றுவிடுகிறார். அவரிடம் துளியும் வஞ்சகம் இல்லை. ஆனால் அந்த வேலையில் அதன்பின் ஜெஸ்ஸால் நீடிக்க முடியவில்லை. போலீசின் அடியைவிட இந்த இடம் என்னை அதிக நேரம் உறங்கவிடவில்லை. எதிரியிடமிருந்து வந்ததைத் தாங்கிக்கொண்டவர், நண்பரின் ஒரு சொல்லால் பிழைப்பை இழக்கிறார். நல்லெண்ணத்தோடு இந்த நூலைப் பேசும் நாம் எல்லோரும் டஃபிக்கு மிக அருகில்தான் நிற்கிறோம்.

நாவலில் எனக்குக் குறையாகப் படுவதையும் மறைக்காமல் சொல்கிறேன். கைக்குழந்தையான ஜெஸ்ஸைப் பக்கத்து வீட்டுத் தினே பழங்குடிப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு அவர்களின் நினைவு ஜெஸ்ஸுக்கு ஆறுதலாக வந்துபோகிறது. அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை, ஒரு கோபம், ஒரு தவறு எதுவும் இல்லை. ஆலைத் தொழிலாளிகளை இவ்வளவு உயிரோடு எழுதிய கை, இவர்களை மட்டும் கனவில் விட்டுவிட்டது.

இனி நீங்கள் படிக்கப்போகும் பக்கங்களில் நியூயார்க் வருகிறது. அங்கே அடுத்த வீட்டில் ரூத் இருக்கிறாள். ஆணாகப் பிறந்ததாக ஊர் சொல்ல, பெண்ணாக வாழ்கிறவள், ஓவியம் வரைகிறவள், தொடக்கத்தில் ஜெஸ்ஸை அண்டவிடாமல் விலகியிருக்கிறவள். தாடை உடைந்து, கம்பியால் கட்டப்பட்டு, ஜெஸ்ஸால் வாய் திறந்து பேச முடியாமல் போகும் நாட்களில் அவள் என்ன செய்கிறாள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. தெரசாவின் வெந்நீரை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேருங்கள்.

மறைவதற்கு முன்பு ஃபைன்பெர்க் நாவலின் இருபதாம் ஆண்டுப் பதிப்பை யாரும் காசு கொடுக்காமல் இணையத்தில் படிக்கும்படி தயாரித்துவைத்தார். ஆகவே என் பிரதியைத் திருப்பித் தர வேண்டுமே என்ற அவசரம் உங்களுக்கு வேண்டாம். ரூத்தின் கதவு திறக்கும் இடம்வரை படித்துவிட்டு மறுபடி ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் ஜெஸ் ‘வந்தானா’, ‘வந்தாளா’, ‘வந்தாரா’ என்று அறியக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா