எல்லா வயரும் ஒன்றல்ல

கொழும்பில் கணினிப் பாகங்கள் விற்கும் கடைக்காரருக்கு,

வணக்கம். பம்பலப்பிட்டியிலும் புறக்கோட்டையிலும் உங்கள் படிகளை ஏறி இறங்கும் பழைய வாடிக்கையாளன் எழுதுகிறேன். விலையைப் பற்றி முறைப்பாடு இல்லை. வயரைப் பற்றித்தான்.

போன மாதம் பாகங்களைப் புதுக் கேஸ் ஒன்றுக்கு மாற்றினேன். அதில் பவர் சப்ளை அடியில், ஹார்ட் டிஸ்க் மேலே முன்பக்கம். வயர் நாலு விரல் எட்டவில்லை. வயர்களைத் தனியே கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளை என்பதால், டிஸ்க்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சாட்டா வயர் நீளமாக ஒன்று கேட்டு ஒரு கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி வேறு கம்பனியின் வயரை எடுத்தார். "எல்லாம் ஒண்டுதான் அண்ணை." பிளக்கும் டிக்கென்று இறங்கியது. சுவிட்சைப் போட்டேன், கருகல் மணம்.

டிஸ்க் பக்கத்துப் பிளக்குக்குத்தான் பொது ஒழுங்கு உண்டு. பவர் சப்ளை பக்கம் எந்த ஊசியில் எத்தனை வோல்ட் என்பது கம்பனிக்குக் கம்பனி வேறு. ஒரே கம்பனியின் இரண்டு மொடல்களுக்குள்ளேயே மாறுவதும் உண்டு. பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 நிற்கிறது. டிஸ்க்கின் அடித்தட்டில் கடுகளவு பாதுகாப்பு டயோட் ஒன்று செத்திருந்தது. வேறோர் இடத்தில் திருத்துபவர் அதைக் கழற்றிவிட்டு, தங்கச்சியின் கலியாணப் படங்களை மீட்டுத் தந்தார். எல்லோருக்கும் இப்படி வாய்க்காது.

ஆகவே, மாற்று வயர் கேட்டு வருபவரிடம் பவர் சப்ளையின் மொடலைக் கேளுங்கள். தெரியாது என்றால் விற்காதீர்கள். நீட்டிப்பு வயரைக் கொடுங்கள். அது டிஸ்க் பக்க முனையில்தான் மாட்டுப்படும், இந்தச் சிக்கலே வராது. பழைய பவர் சப்ளையைக் கழற்றும்போது அதன் வயர்களைப் பொலித்தீன் பையில் கட்டி மொடலை எழுதி வைத்தால் துழாவும் வேலையும் மிச்சம்.

அப்புறம், மொலெக்ஸ் என்ற பழைய நாலு ஊசிப் பவர் பிளக்கிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அந்த மலிவு வயர். சாட்டா பிளக்கின் பின்புறம் பாருங்கள்: வயர்கள் எல்லாம் ஒரே வார்ப்புப் பிளாஸ்டிக் கட்டிக்குள் மறைந்தால் வேண்டாம். உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று முட்டித் தீப்பிடித்த கதைகள் நிறைய. ஒவ்வொரு வயரும் தனித்தனியே இறங்கி, மேலே மூடி போட்டிருக்கும் வகையை வாங்கி வையுங்கள். கொஞ்சம் விலை கூடத்தான், தருகிறோம்.

டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா டேட்டா வயரை ஒட்டி நீட்டித் தரச் சொல்லி யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். 1 மீட்டருக்குள் நீளமான ஒன்றாக மாற்றுவதே சரி.

அடுத்த கிழமை ஃபேன் ஒன்றுக்கு நீட்டிப்பு வயர் வாங்க வருவேன். நாலு ஊசி, ஓர் அடி நீளம் போதும். மூன்று ஊசியைத் தந்து "இதுவும் வேலை செய்யும்" என்று சொல்லாதீர்கள். ஃபேன் சுற்றும், ஆனால் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் நாலாவது வயர் அதில் இல்லை.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாடிக்கையாளன்